காளான் எந்த இடத்தில் முளைத்திருக்கிறது?

மழைக்காலம் தொடங்கியதும் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வகைப் படங்கள் வர ஆரம்பிக்கும். ஒன்று, தண்ணீரில் பாதி முங்கி நிற்கும் ஸ்கூட்டர். இன்னொன்று, மரத்தில் முளைத்த காளான். இரண்டாவது படத்துக்குக் கீழே வரும் கேள்வி வருடத்துக்கு வருடம் மாறுவதில்லை: "இது டேஞ்சரா? கார்ப்பரேஷன்ல சொல்லி வெட்டிடலாமா?"

எங்களுடையது சென்னை அசோக் நகர் பக்கம் ஒரு பழைய தெரு. தூங்குமூஞ்சி, பெருங்கொன்றை, புங்கை, வேம்பு என்று இரண்டு ஓரமும் மரம். மரத்தை நின்று பார்க்கிற ஆள் என்று என்மேல் ஒரு முத்திரை விழுந்துவிட்டதால் அந்தக் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: காளான் எந்த இடத்தில் முளைத்திருக்கிறது? பலர் காளானை மட்டும் குளோஸப்பில் எடுத்து அனுப்புகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தரையும் அடிமரமும் தெரிகிற மாதிரி ஒரு படம், எதிர்ப்பக்கத்திலிருந்து முழு மரத்துக்கும் ஒரு படம், அப்புறம் காளானின் அடிப்பக்கம் ஒரு படம். இந்த மூன்றும் இருந்தால் பேசலாம்.

இப்படிப் பார்க்கும் பழக்கம் வர்தா புயலோடு வந்தது. 2016 டிசம்பர் 12 அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் நகரம் முழுக்க மரங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை, தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தோம். ரம்பம் போடும் இடங்களில் நின்று வெட்டுமுகத்தைப் பார்ப்போம். எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இருக்கிறார். வேளாண் கல்லூரியில் பயிர் நோயியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர், எல்லாருக்கும் அவர் 'சார்'. விழுந்த மரங்களை அவர் மூன்றாகப் பிரித்துக் காட்டினார். மண்ணையும் பெயர்த்துக்கொண்டு வேரோடு சாய்ந்தவை. இடுப்பளவு உயரத்துக்குக் கீழே ஒடிந்தவை. மேலே கவட்டையில் பிளந்தவை. முதல் வகையில் பல மரங்களுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை. கேபிள் பள்ளமோ வடிகாலோ வெட்டிக்கொண்டு போன நேர்க்கோடு அப்படியே தெரிந்தது. மூன்றாவது வகை பெரும்பாலும் ஒழுங்கில்லாத கவாத்தின் விளைவு. இரண்டாவது வகையில்தான் காளான் வருகிறது. ஒடிந்த இடத்தில் கட்டை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கையால் பிய்த்தால் வெள்ளை வெள்ளையாக நார் வந்தது, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. அதே மரத்தின் உச்சியில் இலை பச்சைப் பசேலென்று இருந்தது.

"ஒரு இலைகூடப் பழுக்கல சார், நல்லா இருந்த மரம்" என்று அன்று எத்தனையோ பேர் சொன்னார்கள். சொன்னது உண்மைதான். வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுவது பட்டைக்குச் சற்று உள்ளே இருக்கும் வெளி வளையங்களில். நடுவில் வைரம் பாய்ந்த பகுதி உயிரற்ற கட்டை. பூஞ்சை அந்த நடுக்கட்டையை மட்டும் தின்றுகொண்டிருக்கும்வரை இலைக்கு ஒன்றும் தெரியாது. பூவும் வரும், காயும் வரும். அதனால் இலையைப் பார்த்து மரத்தின் பலத்தைச் சொல்லக்கூடாது. உச்சிக்கிளைகள் காய்ந்து, இலை சிறுத்து, நிழல் மெலிந்துபோயிருந்தால் அழுகல் வேர்களுக்கும் வெளி வளையத்துக்கும் போயிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் இலை நன்றாக இருப்பது எதையும் நிரூபிக்காது.

அதேபோல், காளான் முளைத்த அன்றைக்கு நோய் தொடங்குவதும் இல்லை. பூஞ்சையின் உடம்பு மரத்துக்குள் மெல்லிய இழைகளாகப் பரவியிருக்கும், பெரும்பாலும் பல வருடங்களாக. வெளியே தெரிவது அது வித்து பரப்புவதற்காகத் தள்ளிய பகுதி மட்டும். எட்டி உதைத்து உடைத்துப் போட்டுவிட்டு 'சரி பண்ணிட்டேன்' என்பவர்களால் எனக்கு ஒரு சிரமம் உண்டு. அழுகல் உள்ளே அப்படியே இருக்கும். அடுத்து வந்து பார்ப்பவருக்கு அடையாளம் மட்டும் போய்விடும்.

இடம் ஏன் முக்கியம் என்றால், ஒரு கிளை போனால் கிளை மட்டும்தான் போகும், அடித்தூர் போனால் முழு மரமும் விழும். தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், அல்லது வேர் புடைத்து மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருக்கிறது என்றால் நான் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். சென்னைத் தெருக்களில் அந்த இடத்தில் அதிகம் வருவது கேனோடெர்மா என்ற பூஞ்சை. குல்மொஹரிலும் பெருங்கொன்றையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். புங்கையையும் அது விடுவதில்லை. முதலில் வெள்ளைக் கட்டியாகத் தள்ளிக்கொண்டு வரும். போகப்போக விசிறியாக விரிந்து, மேல்புறம் வார்னிஷ் பளபளப்போடு செங்கபில நிறமாகும். வளரும் ஓரம் மட்டும் வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருக்கும். திருப்பிப் பார்த்தால் நாம் சமைக்கும் காளானில் உள்ள செதில்கள் இருக்காது, கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் நுண்துளைகள்தான். புதிதாக இருக்கும்போது அந்த வெள்ளை அடிப்பக்கத்தை நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும். வித்து உதிரும் சமயத்தில் காளானின் மேல்புறத்திலும் சுற்றியுள்ள சருகிலும் கோகோ நிறத் தூள் படியும். எங்கள் தெருவில் ஒருவர் மரத்தில் சாய்த்து நிறுத்தும் சைக்கிளின் சீட்டைத் தினமும் துடைத்துவிட்டு, செம்மண் லாரிகளைத் திட்டிக்கொண்டிருந்தார். லாரிகள் பாவம்.

கேனோடெர்மா கட்டையில் நார்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் லிக்னினையும் விட்டுவைக்காது. மிச்சம் வெளுத்து, ஈரமாகி, நார்நாராகப் பிரியும். இதற்கு வெண்ணழுகல் என்று பெயர். இன்னொரு வகைப் பூஞ்சைகள் நாரில் உள்ள செல்லுலோஸைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். அப்போது கட்டை பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நசுக்கினால் தூளாகும். ஈரம் ஏறிய பழைய நிலைப்படியின் அடியில் அதைப் பார்த்திருப்பீர்கள். நம் தெரு மரங்களில் நான் பெரும்பாலும் பார்ப்பது வெண்ணழுகல்தான்.

இந்தக் காளானைப் பற்றி இன்னொரு தொல்லை. ரெய்ஷி என்ற பெயரில் உடம்புக்கு நல்லதென்று கடைகளில் விற்கும் காளானின் உறவு இது என்று யாரோ யூடியூபில் சொல்லிவிட்டார்கள். பக்கத்துத் தெரு மாமி ஒருவர் ஒரு கவர் நிறையப் பறித்துவந்து டீ போடலாமா என்று கேட்டார். வேண்டாம் மாமி என்றேன். கேனோடெர்மாவிலேயே பல இனங்கள் உண்டு, வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. வாகனப் புகையும் நாயின் சிறுநீரும் பட்ட அடிமரத்தில் முளைத்தது வேறு. மாமி கவரைக் கீழே வைத்தார், ஆனால் முகம் முழுசாகச் சமாதானமாகவில்லை.

தென்னை வைத்திருப்பவர்கள் கேனோடெர்மாவை வேறு பெயரில் கேள்விப்பட்டிருப்பார்கள். தஞ்சாவூர் வாடல் நோய் என்பது இதே குடும்பத்துப் பூஞ்சையின் வேலை. 1952-இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். அடித்தண்டழுகல் என்றும் சொல்வார்கள். தென்னையில் காளான் கடைசியில்தான் வரும், சில சமயம் வராமலேகூடப் போகும். அதற்கு முன்பே அடித்தண்டின் வெடிப்புகளிலிருந்து செம்பழுப்பு நிறத்தில் சாறு கசிந்து, வழிந்த கோடு கருத்துப்போய் நிற்கும். வெளிவட்டத்து மட்டைகள் காய்ந்து தண்டை ஒட்டித் தொங்கும். குரும்பை உதிரும். இந்தச் சாறு தெரிந்ததுமே கவனித்தால் தென்னைக்கு ஓரளவு வைத்தியம் உண்டு. வருடத்துக்கு மரத்துக்கு 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, தூரைச் சுற்றி 1 சதவீத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக்கொல்லி), நோய் வந்த மரத்தின் பாத்தித் தண்ணீர் அடுத்த மரத்துக்குப் போகாமல் தனியாகப் பாத்தி. சென்னையில் தனிவீட்டுக்காரர்கள் பலர் இரண்டு தென்னையையும் ஒரே ஹோஸ் பைப்பில் ஒரே வாய்க்காலில் விடுகிறார்கள். முதலில் அதை மாற்றச் சொல்வேன். பெரிய தெரு மரங்களில் அழுகிய கட்டையைத் திரும்பக் கொண்டுவர எந்த மருந்தும் கிடையாது. ஊசி போடுகிறோம், மரம் பிழைக்கும் என்று யாராவது கொட்டேஷன் கொடுத்தால் பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

அடித்தூரை விட்டு மேலே வந்தால் எனக்குப் பதற்றம் குறைந்துவிடும். நடுத்தண்டில் குதிரைக் குளம்பு வடிவில், மேல்புறம் வெடித்து, கல்லாகக் கெட்டியாக ஒட்டியிருப்பவை பெல்லினஸ் வகைகள். வருடாவருடம் அடியில் ஒரு புதுப் படலம் சேர்த்துக்கொண்டே போகும். அது ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலும் கீழும் அழுகல் நீண்டிருக்கும் என்று எடுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்வு, கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கிளைகளில் வரும் சின்னக் காளான்கள் பெரும்பாலும் ஏற்கெனவே செத்த கட்டையில் வந்து உட்காருபவை. விரல் நகம் அளவில், வெள்ளையாக, மேலே மயிர் படர்ந்து, அடியில் செதில்கள் நெடுக இரண்டாகப் பிளந்து இருந்தால் அது ஸ்கைசோபில்லம். வெயில் சுட்ட மாங்கிளையில் அடிக்கடி வரும். மழை விட்டதும் காது மடலாகத் தொங்கி, வெயில் வந்ததும் சுருங்கிப்போவது காதுக்காளான். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய தட்டாக வருவது வெயில்படும் செத்த கட்டைகளில். கருப்பு உருண்டையாக, அறுத்தால் உள்ளே வளையம் வளையமாக இருப்பது டால்டினியா, அதுவும் செத்த கட்டையில்தான். இவற்றைப் பார்த்தால் கிளை செத்துவிட்டது, கீழே விழுமுன் இறக்கிவிடலாம் என்று எடுத்துக்கொண்டால் போதும்.

தரையில், மரத்திலிருந்து நாலடி தள்ளி முளைப்பவை பெரும்பாலும் மரத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. எங்கள் வளாகத்து வேம்பைச் சுற்றி ஒரு அக்டோபரில் வெள்ளைக் குடைகளாக வந்துவிட்டது. சங்கக் கூட்டத்தில் வேம்பை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு கார் நிறுத்தலாம் என்ற யோசனை உடனே எழுந்தது. காளானைவிட அந்த யோசனைதான் வேகமாக முளைத்தது. சார் ஒரு குடையைப் பறித்து, தண்டை நீக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஒரு டம்ளரை மேலே மூடி வைத்தார். மறுநாள் தாளில் மங்கலான பச்சை நிறத்தில் வித்துத்தூள் படிந்திருந்தது. புல்தரைகளில் வரும் விஷக்காளான் அது. மட்கிய எருவில் வாழ்வது, வேம்பை ஒன்றும் செய்யாது. ஆனால் தின்றால் வாந்தியும் பேதியுமாகப் படுத்திவிடும் என்பதால் குழந்தைகள் விளையாடும் இடத்திலிருந்து கையுறை போட்டுப் பறித்து எறிந்தோம். வேம்பு நிற்கிறது.

காளானே இல்லாத சிலவற்றையும் காளான் என்று அனுப்புகிறார்கள். பட்டையில் சாம்பல் பச்சையில் திட்டுத் திட்டாகப் படர்ந்திருப்பது கற்பாசி வகை, மரத்தைத் தின்னாது. முருங்கையிலும் மாவிலும் வழியும் பிசின் பெரும்பாலும் காயத்துக்கோ பூச்சிக்கோ மரம் காட்டும் எதிர்ப்பு. கவட்டையிலிருந்து புளித்த நாற்றத்தோடு தண்ணீர் வழிந்து பட்டை கறுத்திருந்தால் உள்ளே பாக்டீரியா தங்கிய ஈரக்கட்டை. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் உடனே விழும் ஆபத்து இல்லை. பட்டைமேல் மண் பூசிக்கொண்டு ஏறும் கரையான் பெரும்பாலும் செத்த மேல்பட்டையைத்தான் தின்கிறது. மண்ணைத் தட்டிவிட்டுப் பாருங்கள். அடியில் பட்டை பச்சையாக இருந்தால் விட்டுவிடலாம். எறும்புகள் ஒரு பொந்திலிருந்து மரத்தூளை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் மட்டும் அந்தப் பொந்து எவ்வளவு ஆழம் என்று பார்க்க வேண்டும்.

ஆழம் பார்ப்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் மரம் ஏறும் அண்ணன் ஒருவர். சைதாப்பேட்டைப் பக்கத்திலிருந்து வருவார். ஏறுவதற்கு முன் மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார், மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போல. கெட்டியான இடத்தில் சத்தம் சுருக்கமாக, 'டக்' என்று முடியும். பொக்கையான இடத்தில் 'தொம்' என்று உள்ளே போய்த் திரும்பும். அந்த இரண்டு சத்தமும் மாறும் எல்லையில் சாக்பீஸால் கோடு போடுவார். சுற்றி முடித்ததும் கோடுகளைச் சேர்த்தால் உள்ளே பள்ளம் எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் என்று ஒரு வரைபடம் கிடைத்துவிடும். "பச்சையா இருக்குனு ஏறினவன்தான் கீழ விழுந்தான்மா, சத்தத்தக் கேட்டு ஏறினவன் விழல" என்பார். ஏற்கெனவே திறந்திருக்கும் பொந்தில் மெல்லிய கம்பியை விட்டு, அது கெட்டியான கட்டையில் முட்டும் வரை அளந்துகொள்வதும் உதவும். நாமாகப் புதிதாகத் துளை போடக்கூடாது. காசு செலவழிக்க முடிந்த இடங்களில் ஊசித் துளைப்பான், ஒலி அலையால் குறுக்குவெட்டைப் படமாக்கும் கருவி எல்லாம் இருக்கிறது. சாதாரணத் தெருவுக்குச் சுத்தியலே நிறையச் சொல்லிவிடும்.

துளை ஏன் போடக்கூடாது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்தார். நம் தோலில் காயம் ஆறுவதுபோல் மரத்தில் காயம் ஆறுவதில்லை, அழுகிய பகுதியைச் சுற்றி மரம் தடுப்பு எழுப்பி அதை ஒதுக்கிவைத்துவிட்டு வெளியே புதுக் கட்டை போட்டுக்கொண்டு போகிறது என்று 1970-களில் விளக்கினார். அழுகல் அந்தத் தடுப்புக்குள் அடங்கியிருக்கும்வரை மரம் பொந்தோடு காலம் தள்ளும். நாம் ஆணி அடித்தாலோ துளைத்தாலோ பொந்தைச் 'சுத்தம் செய்கிறேன்' என்று நல்ல கட்டைவரை சுரண்டினாலோ தடுப்பு உடைந்து பூஞ்சை புதுக் கட்டைக்குள் போகிறது. பொந்துக்குள் சிமெண்ட் போட்டு அடைப்பதும் வேண்டாத வேலை. காற்றில் மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இடையில் தண்ணீர் தேங்கும். எங்கள் முக்குப் பிள்ளையார் கோயில் அரசமரத்தில் அப்படி ஒரு சிமெண்ட் பூச்சு உண்டு. பட்டைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி விழுந்து எறும்பு குடியிருக்கிறது. அதே மரத்தின் தூரில் ஏற்றும் அகல்விளக்குகளைக் குருக்களிடம் பேசி ஓரடி தள்ளி வைக்கச் சொன்னோம். தினமும் சூடு பட்டால் பட்டை வெந்து செத்துவிடும். அவர் உடனே ஒத்துக்கொண்டார்.

எவ்வளவு பொந்து வரை பொறுக்கலாம்? மரம் பார்ப்பவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு. நடுவிலிருந்து பட்டைவரை உள்ள தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நல்ல கட்டை சுற்றிலும் இருக்க வேண்டும். 30 செ.மீ. ஆரம் என்றால் சுற்றிலும் கிட்டத்தட்ட 10 செ.மீ. கெட்டிக் கட்டை. இது மூடிய பொந்துக்கான கணக்கு. ஒரு பக்கம் வாய் திறந்திருந்தாலோ, தலை கனத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, வேர் அழுகியிருந்தாலோ இது போதாது. எங்கள் தெருவில் பெரிய தூங்குமூஞ்சிக்கு நடுத்தண்டில் பொந்து உண்டு, கிளிகள் போய்வருகின்றன. சுற்றுச்சுவர் தடிமனாக இருக்கிறது, பொந்தின் வாய் ஓரத்தில் புதுக் கட்டை உருண்டு திரண்டிருக்கிறது. எங்கே பலவீனமோ அங்கே மரம் கூடுதலாகக் கட்டை போடும் என்பதால் அந்தத் திரட்சி நல்ல அறிகுறி. வீட்டுப் பக்கம் நீண்ட ஒரு கிளையின் பாரத்தை மட்டும் குறைத்தோம். ஹவுராவின் பெரிய ஆலமரத்தில் பூஞ்சை பிடித்த நடுத்தண்டை 1925-இல் எடுத்துவிட்டார்கள். விழுதுகளை ஊன்றிக்கொண்டு மரம் இன்னும் விரிகிறது. நம் அடையாறு ஆலமரத்தின் தாய்த்தண்டும் 1989-இல் புயற்காற்றில் விழுந்தது, விழுதுகள் நிற்கின்றன. ஆலுக்கு அந்த வசதி உண்டு, பெருங்கொன்றைக்குக் கிடையாது.

2022 ஜூனில் பக்கத்து கே.கே. நகரில் பெரிய மரம் ஒன்று கார்மேல் விழுந்து உள்ளே இருந்த பெண் இறந்துபோனார். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எல்லா மரத்தையும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு கட்சி, எதையும் தொடக்கூடாது என்று ஒரு கட்சி. பள்ளி வேன் நிற்கும் இடத்துப் பெருங்கொன்றைதான் சண்டையின் மையம். மே மாதத்தில் ரோடு முழுக்க மஞ்சள் பூவைக் கொட்டும், இஸ்திரி வண்டிக்காரருக்குப் பகல் முழுக்க நிழல். அதன் அடித்தூரில் ஆகஸ்ட் சாயங்கால மழைகளுக்குப் பிறகு கேனோடெர்மா வந்திருந்தது. ஒரு பக்கம் மட்டுமென்றால் நான் வாதாடியிருப்பேன். மூன்று பக்கம் வந்திருந்தது. கம்பி ஒரு சாண் தடையில்லாமல் உள்ளே போனது. நடைபாதை டைல்ஸ் பட்டையை நெரித்துக்கொண்டு பதித்திருந்தார்கள். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வில் வடிவத்தில் ஒரு வெடிப்பு. வேர்த்தட்டு தூக்கத் தொடங்கினால் வரும் வெடிப்பு அது. இவை எல்லாம் சேர்ந்து ஒரு மரத்தில் இருந்தால், கீழே குழந்தைகள் நிற்கும் இடமாகவும் இருந்தால், எடுத்துவிட வேண்டியதுதான். இஸ்திரிக்காரருக்குக் கோபம். சுத்தியலை அவர் கையிலேயே கொடுத்துத் தட்டிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். இரண்டு இடத்தில் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டியை நகர்த்திக்கொண்டார்.

மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்ததோடு விடாமல், மனுவில் நான் மேலே சொன்ன படங்கள், கம்பி போன ஆழம், மண் வெடிப்பு, வேன் நிறுத்தம் எல்லாம் தேதியோடு வைத்தோம். 'ஆபத்தான மரம்' என்று மட்டும் எழுதினால் தலையை மொட்டையடித்துவிட்டுப் போகும் அபாயம் உண்டு. மொட்டையடித்த மரத்தில் வெட்டுவாய்கள் பெரிதாக இருக்கும், அங்கேயும் பூஞ்சை நுழையும். பக்கத்திலேயே நிற்கும் வேம்பும் தூங்குமூஞ்சியும் நல்ல மரங்கள், அவற்றைத் தொட வேண்டாம் என்பதையும் அதே மனுவில் எழுதினோம். மரம் வெட்டும் மனுக்களைப் பார்க்கும் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வந்து, வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன் மரத்தை இறக்கினார்கள். வெட்டுமுகத்தில் ஒரு பக்கம் நாலு விரற்கடை நல்ல கட்டை, மற்ற இடமெல்லாம் ஈரப் பஞ்சு. மரத்தை எடுக்கக்கூடாது என்று வாதாடிய கட்சியும் வந்து பார்த்தது.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்கு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது, புயலும் அப்போதுதான். மண் ஊறி இளகும் நேரமும் காற்று வரும் நேரமும் ஒன்றாக விழுகின்றன. அதனால் அடித்தூரைச் சுற்றிப் பார்க்க ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் சரியான காலம். முதல் மழைகளில் காளான் தலைகாட்டியிருக்கும், மனு கொடுத்து வேலை நடக்கவும் அவகாசம் இருக்கும். கிளை வெட்டும்போது தண்டை ஒட்டி மழிக்காமலும் ஒரு முழம் குச்சியை நீட்டிவிடாமலும், கிளை தொடங்கும் இடத்துப் புடைப்புக்கு வெளியே வெட்டச் சொல்லுங்கள். மரம் தடுப்பு எழுப்பும் இடம் அந்தப் புடைப்புதான். தார் பூச வேண்டாம். மின்கம்பி வேலைக்காக வருபவர்களிடம் இதைச் சொல்லி ஜெயிப்பது கஷ்டம். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூடவே நின்றால் பாதி கிளைகளாவது ஒழுங்காக விழும்.

பெருங்கொன்றை போன இடத்தில் அதே குழியில் புதுக்கன்று வைக்க ஆட்கள் வந்தார்கள். கேனோடெர்மா பழைய வேர்களில் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும், புதுவேர் அதைத் தொட்டால் நோய் தொற்றும். அதனால் அடிக்கட்டையைத் தோண்டி எடுத்த பிறகும் பத்தடி தள்ளித்தான் மகிழங்கன்று வைத்தோம். சுற்றி மூன்றடி சதுரத்துக்கு டைல்ஸ் வேண்டாம் என்று நடைபாதை போடுபவரிடம் சொல்லி, அளவைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டினோம். இரும்புக் கூண்டு வைத்திருக்கிறார்கள். தண்டு தடித்துக் கம்பி பட்டையில் பதிவதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். யார் கழற்றுவது என்பதுதான் இந்த மாதச் சங்கக் கூட்டத்தின் கடைசி அஜெண்டா.